ஓட்டுவதற்கு ஒரு இணைப்பு, புதுப்பிக்க ஒரு இணைப்பு: மாடல் ரயிலைக் கணினியோடு சேர்ப்பது

போன மாதம் தெகிவளையிலிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தார். "அண்ணா, பெட்டியை லப்டொப்பில கொழுவிட்டன். கோச்சி வடிவா ஓடுது. ஆனா புது வேர்ஷன் போடுறதுக்கு ஒரு பட்டனையும் காணேல்லை." கேபிள் பழுதோ, மென்பொருளில் பிழையோ என்று இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்திருக்கிறார். இரண்டுமே நல்லாகத்தான் இருந்தன. அவர் கொழுவியிருந்தது ரயிலை ஓட்டுவதற்கான இணைப்பு. ரயிலைக் கட்டுப்படுத்தும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றுவதற்கான இணைப்பு வேறு.

மாடல் ரயிலுக்குப் புதிதாக வருகிறவர்களில் அநேகம் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கேபிள், டிரைவர் மென்பொருள் என்று தொடங்காமல், அடியிலிருந்து வருகிறேன்.

பழைய முறையில் மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபோமரும் ஒரு திருகும் இருக்கும். திருகைத் திருப்பினால் தண்டவாளத்தில் வோல்ட்டு கூடும், எஞ்சின் வேகமாக ஓடும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். இப்போது பெரும்பாலோர் வைத்திருப்பது டிசிசி என்ற டிஜிட்டல் முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் செய்த வேலையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் 1990களில் அதைப் பொதுத் தரமாக்கியது. ஒரு கம்பனியின் பெட்டியும் இன்னொரு கம்பனியின் எஞ்சினும் இன்று ஒரே தண்டவாளத்தில் ஒத்துப்போவது அந்தத் தரத்தால்தான்.

டிசிசியில் தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் முழுதாக இருக்கும், ஏறக்குறைய 12 முதல் 16 வோல்ட்டு வரை. ஆனால் அதன் திசை செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு திசையில் 58 மைக்ரோசெக்கன், மறு திசையில் 58 மைக்ரோசெக்கன் என்று மாறினால் அது '1'. 100 மைக்ரோசெக்கன் வீதம் மாறினால் அது '0'. இந்த ஒன்றுகளும் பூச்சியங்களும் சேர்ந்து "3ஆம் எண் எஞ்சின், முன்னால் போ, வேகம் 20" என்று ஒரு வாக்கியமாகின்றன. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் எல்லா வாக்கியங்களையும் கேட்டுக்கொண்டிருக்கும், தன் எண் வந்தால் மட்டும் அசையும். கடையிலிருந்து வரும் புது எஞ்சினின் எண் வழக்கமாக 3. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். அழுக்குத் தண்டவாளத்தில் ஒரு துண்டு தவறிப்போய்விட்டால், டிகோடர் அந்த வாக்கியம் முழுவதையும் தள்ளிவிடும்.

இந்த வாக்கியங்களைக் கோத்து, சத்தியூட்டி, தண்டவாளத்துக்கு அனுப்புவதுதான் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. இனி வெறுமனே பெட்டி என்று சொன்னால் இதுதான், ரயில் பெட்டி அல்ல. இதற்குள்ளே ஒரு சின்னக் கணினி இருக்கிறது. அதன் நினைவகத்தில் நிலையாகப் பதிந்திருக்கும் மென்பொருளை ஃபேர்ம்வெயர் என்பார்கள். பழைய பெட்டிகள் பல, விளக்கு, ஹோர்ன் போன்ற, எஃப் எண்களால் அழைக்கும் செயல்களில் எஃப்12 வரைதான் அறிந்தவை. இன்றைய ஒலி டிகோடர்கள் எஃப்28 வரை கேட்கும். அந்த இடைவெளியை நிரப்ப உற்பத்தியாளர் புது ஃபேர்ம்வெயர் தருகிறார், நாங்கள் கணினி வழியாக அதைப் பெட்டிக்குள் எழுதுகிறோம்.

இதில் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி ஒழுங்காக ஓடுகிறது, புது வேர்ஷனில் உங்களுக்கு வேண்டிய எதுவும் இல்லை என்றால் தொடாதீர்கள். வேண்டிய ஒன்று இருந்தால் பயப்படாமல் செய்யுங்கள்.

சரி, இப்போது அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருவோம். ஓட்டும் இணைப்பில், கணினி, ரயிலை ஓட்டக் கையில் பிடிக்கும் கைக்கருவியைப் போல நடந்துகொள்கிறது. "3ஆம் எண் எஞ்சினை நகர்த்து" என்று பெட்டியிடம் கேட்கிறது. பெட்டியின் மென்பொருள் விழித்திருந்து அதைச் செய்கிறது. புதுப்பிக்கும்போது நடப்பது முற்றிலும் வேறு. அந்த மென்பொருளையே நிறுத்தி, அழித்து, அதன் இடத்தில் இன்னொன்றை எழுதவேண்டும். விழித்திருப்பவரிடம் வேலை சொல்வது ஒன்று, அந்த ஆளையே மாற்றுவது இன்னொன்று. முதலாவதுக்கு வசதி செய்த பெட்டி இரண்டாவதுக்கும் வசதி செய்திருக்கவேண்டும் என்றில்லை. நல்ல உதாரணம் என்சிஇ நிறுவனத்தின் பவர் கேப். அதற்கென்று விற்கும் யூஎஸ்பி இணைப்பியால் கணினியிலிருந்து ரயிலை ஓட்டலாம், டிகோடர்களின் அமைப்புகளை மாற்றலாம். ஆனால் 1.65 வேர்ஷனுக்கு மாறியவர்கள் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சிப்பைக் கழற்றிப் புதுச் சிப்பைத்தான் வைத்தார்கள். கணினிக்கு அந்த வேலையில் பங்கே இல்லை.

அதனால் கேபிள் வாங்கப் போகும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் எதைப் புதுப்பிக்கப் போகிறேன்? இந்த முறையில் மென்பொருள் நான்கு இடங்களில் குடியிருக்கிறது. பெட்டியில், கைக்கருவியில், இடையில் இருக்கும் யூஎஸ்பி இணைப்பியில், எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடரில். நான்குக்கும் கோப்பு வேறு, வழியும் வேறு. ஒன்றின் கோப்பை இன்னொன்றில் எழுத முயன்றால் நல்ல மென்பொருள் மறுத்துவிடும். எல்லா மென்பொருளும் நல்ல மென்பொருள் அல்ல, அதனால் மாடல் எண்ணை இரண்டு தரம் வாசியுங்கள்.

இணைப்பி ஏன் தேவைப்படுகிறது? புறக்கோட்டையில் தமிழ் மட்டும் தெரிந்த வாடிக்கையாளருக்கும் சிங்களம் மட்டும் தெரிந்த வியாபாரிக்கும் நடுவில் நின்று விலை பேசிக்கொடுக்கும் கடைப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் தங்களுக்குள் பேச ஆளுக்கொரு பாஷை வைத்திருக்கின்றன. டிஜிட்ராக்ஸின் லோக்கோநெட் செக்கனுக்கு ஏறக்குறைய 16,660 பிட் வேகத்தில் பேசும். லென்ஸின் எக்ஸ்பிரஸ்நெட் 62,500 பிட் வேகத்தில் பேசும். லப்டொப்புக்குத் தெரிந்தது யூஎஸ்பி. அந்தக் கடைப் பையனின் வேலையைச் செய்வதுதான் இணைப்பி. டிஜிட்ராக்ஸின் டிசிஎஸ்240 போன்ற பெட்டிகளில் அது உள்ளேயே இருப்பதால் நேராக யூஎஸ்பி கேபிள் போதும்.

ஒரு எச்சரிக்கை. லோக்கோநெட்டிலும் எக்ஸ்பிரஸ்நெட்டிலும் வருவது ரெலிஃபோன் பிளக் போன்ற ஆறு முனைப் பிளக். அது லப்டொப்பின் நெட்வேர்க் துளைக்குள்ளும் போய்ப் பொருந்தும். பொருந்துகிறதே என்று கொழுவிவிடாதீர்கள். அந்த வயர்களில் வோல்ட்டு வருகிறது, லப்டொப்பின் துளை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. தண்டவாளத்திலிருந்து நேராக வயர் இழுத்துக் கணினிக்குக் கொடுப்பதும் கூடவே கூடாது.

அடுத்து, எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது. இது விளங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குடியிருப்பவர்கள் மாறுவார்கள், கீழே கேட்டில் இருக்கும் காவலாளி மாறமாட்டார். சாவி அவரிடம் இருக்கும். பழையவர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு போனதும் புதியவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் அவர்தான். பெட்டியின் நினைவகத்தில் ஒரு சின்ன மூலையில் இப்படி ஒரு காவலாளி இருக்கிறார். அவர் பெயர் பூட்லோடர். புதுப்பித்தல் தொடங்கும்போது ஃபேர்ம்வெயர் ஒதுங்கிவிடும், பூட்லோடர் பொறுப்பை எடுக்கும். கணினியிலிருந்து வரும் கோப்பைத் துண்டு துண்டாக வாங்கி, பழையதை அழித்து, புதியதை எழுதி, சரிபார்த்து, பிறகு புது மென்பொருளிடம் வீட்டைக் கொடுக்கும். பூட்லோடர் தன் சொந்த மூலையை மட்டும் அழிக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்து விளங்கிக்கொள்ளவில்லை. 2022இல் மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்துச் சமைத்த காலம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். எங்கள் பகுதிக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று நம்பிப் புதுப்பிக்கத் தொடங்கினேன். பாதி கடந்ததும் கரண்ட் போனது. லப்டொப் பற்றரியில் இருந்தது, பெட்டி செத்துவிட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது பெட்டியில் ஒரே ஒரு விளக்குத்தான் எரிந்தது, எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரையில்லை. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவுமில்லை. காலையில் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தபடி சுவிச்சைப் போடச் சொல்லியிருந்தது. போட்டேன். கணினி பெட்டியைக் கண்டுகொண்டது. குடியிருந்தவர் போய்விட்டார், வரவேண்டியவர் பாதி வழியில் நிற்கிறார், ஆனால் காவலாளி கேட்டில் இருக்கிறார். திரும்பவும் எழுதி முடிக்க நான்கு நிமிடம்.

இன்றைக்கு முன்பு மாதிரி மின்வெட்டு இல்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் மின்சாரம் போனது. ஞாயிறு முற்பகல் என்றால் எங்களைப் போன்றவர்கள் மேசைக்கு முன்னால் இருக்கும் நேரம். சின்ன யூபிஎஸ் ஒன்று இருந்தால் பெட்டியை அதில் கொழுவுங்கள். லப்டொப்புக்குப் பற்றரி இருக்கிறது, பெட்டிக்கு இல்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் அந்த வேலையைக் காலைக்குத் தள்ளிவிடுங்கள்.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது டிசிசி-இஎக்ஸ். இது திறந்த மூல மென்பொருள், காசு இல்லை. ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகை, அதன் மேலே தண்டவாளத்துக்குச் சத்தியூட்டும் மோட்டர் ஷீல்ட் என்ற பலகை, பொருத்தமான ஒரு பவர் சப்ளை, இவ்வளவுதான் பெட்டி. மெகா பலகை கொழும்பு எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கிடைக்கும். இதில் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்க்கலாம் என்பதால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. மெகாவின் நினைவகம் 256 கிலோபைட், அதில் 8 கிலோபைட் பூட்லோடருக்கு. அடிக்கடி எழுதினால் தேய்ந்துவிடுமோ என்று கேட்பார்கள். 10,000 தடவை எழுதலாம் என்று சிப்பைச் செய்தவர்களே உறுதி சொல்கிறார்கள்.

பலகையை யூஎஸ்பியில் கொழுவியதும் கணினி அதை ஒரு சீரியல் போர்ட்டாக, அதாவது தகவல் போய்வரும் ஒரு வாசலாக, பார்க்கவேண்டும். விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்தால் கொம்3, கொம்5 என்று ஒரு பெயர் வரும். லினக்ஸில் டிடிவை என்று தொடங்கும் பெயர் வரும், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்க்கவேண்டியிருக்கலாம். மலிவான மெகாக்களில் இருப்பது சிஎச்340 என்ற சிப். கணினி அதைக் கண்டுகொள்ளாவிட்டால் அதற்கான டிரைவரை நிறுவுங்கள். அப்புறம் டிசிசி-இஎக்ஸின் இஎக்ஸ்-இன்ஸ்டோலர் என்ற மென்பொருளைத் திறந்து பலகையையும் ஷீல்டையும் தெரிவு செய்தால், அதுவே கோப்பைத் தயாரித்து, எழுதி, முடிந்ததென்று சொல்லும்.

சிக்கல் வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. முதலாவது கேபிள். யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு வயர் இருக்கவேண்டும்: மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. ஃபோன் சார்ஜ் செய்ய மட்டும் என்று விற்கிற சில கேபிள்களில் மின்சார வயர் இரண்டும்தான் இருக்கும். பலகையில் விளக்கு எரியும், கணினியில் போர்ட் வராது. விளக்கு எரிகிறதே என்று நான் ஒரு பின்னேரம் முழுக்க டிரைவரை நிறுவி, அழித்து, திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன். தகவல் போகும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேபிளுக்கு நிறம் சுற்றி மேசையிலேயே வைத்திருங்கள்.

இரண்டாவது, போர்ட்டை வேறொருவர் பிடித்திருப்பது. ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் வைத்திருக்கலாம். ரயில் ஓட்டுவதற்கு ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளை நிறையப் பேர் பாவிக்கிறார்கள், நானும்தான். அது திறந்திருந்தால் போர்ட் அதன் கையில். புதுப்பிக்கும் மென்பொருள் கதவைத் தட்டி, அனுமதி இல்லை என்று திரும்பிவிடும். ஓட்டுகிறவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுத்தான் எழுதுகிறவரைக் கூப்பிடவேண்டும். சில தயாரிப்புகளுக்கு ஜேஎம்ஆர்ஐயே ஃபேர்ம்வெயரையும் எழுதும், லோக்கோநெட் கருவிகளுக்கு அப்படி ஒரு பகுதி அதற்குள் இருக்கிறது. அப்போது இந்தச் சிக்கல் வராது.

யூஎஸ்பி இல்லாமல் நெட்வேர்க் கேபிளில் சேரும் பெட்டிகளும் உண்டு. ரோக்கோவின் இசட்21 அப்படி. கணினியில் மெயின்டனன்ஸ் டூல் என்ற மென்பொருளை நிறுவி அதன் வழியாகப் புதுப்பிப்பார்கள். இங்கே டிரைவர் தலைவலி இல்லை, பதிலுக்கு முகவரித் தலைவலி. பெட்டியின் ஆரம்ப முகவரி 192.168.0.111. உங்கள் வீட்டு ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தால், பெட்டி ஒரு தெருவிலும் லப்டொப் அடுத்த தெருவிலும் நிற்கும், ஒன்றை ஒன்று காணாது. பெட்டியோடு ரூட்டர் வந்திருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லையென்றால் லப்டொப்பின் வைஃபையை நிறுத்திவிட்டு, பெட்டியை நேராகக் கேபிளில் கொழுவி, லப்டொப்புக்கு 192.168.0.50 என்று ஒரு முகவரியையும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்கையும் கையால் கொடுங்கள். இஎஸ்யூ நிறுவனத்தின் ஈகோஸ் பெட்டி இன்னும் சுகம், பிரௌசரில் அதன் முகவரியைத் திறந்தாலே கோப்பை ஏற்றலாம். அங்கேயே எஞ்சின் பட்டியலையும் சேமித்துக்கொள்ளலாம். அதை முதலில் செய்யுங்கள்.

டிகோடரில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. ஜேஎம்ஆர்ஐயின் டிகோடர்புரோ என்ற பகுதியில் எஞ்சினின் எண்ணை, வேகம் பிடிக்கும் நேரத்தை மாற்றுவோம். இதையும் புதுப்பித்தல் என்று சிலர் சொல்கிறார்கள். அது அமைப்பை மாற்றுவது மட்டும்தான், வீட்டுக்குள் கதிரையை நகர்த்துவது போல. சிவி என்ற பெட்டகங்களில் இலக்கங்களை எழுதுகிறோம்: சிவி1இல் எஞ்சினின் எண், சிவி3இல் வேகம் கூடும் விதம், சிவி4இல் குறையும் விதம். சிவி7ஐ வாசித்தால் டிகோடரின் வேர்ஷன் தெரியும், சிவி8ஐ வாசித்தால் செய்தவர் யார் என்று தெரியும்.

வாசிப்பது எப்படி நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டிகோடரை அமைப்பதற்கென்று தனியாக வைக்கும் புரோகிராமிங் தண்டவாளத்தில் நிற்கும் எஞ்சினுக்கு வாய் இல்லை. பெட்டி கேள்வி கேட்கும்: "சிவி8இல் இருப்பது 151ஆ?" ஆம் என்றால் டிகோடர் ஏறக்குறைய 6 மில்லிசெக்கன் நேரம் 60 மில்லிஅம்பியர் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். பெரும்பாலும் மோட்டரைச் சற்று உதறித்தான் இழுக்கும். எஞ்சின் இலேசாகத் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தத் துடிப்புத்தான் பதில். சக்கரத்தில் அழுக்கு இருந்தாலோ தண்டவாளம் கறுத்திருந்தாலோ பதில் கேட்காது, கணினி பிழை என்று சொல்லும். மரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் கடற்காற்று தண்டவாளத்தையும் பிளக்குகளின் முனைகளையும் கெடுக்கும். நான் ஒவ்வொரு தடவையும் ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

டிகோடரின் ஃபேர்ம்வெயரையும் ஒலியையும் மாற்றுவதற்குப் பெரும்பாலும் அந்தக் கம்பனியின் தனிக்கருவி வேண்டும். இஎஸ்யூவின் லோக்சவுண்ட் டிகோடருக்கு அவர்களின் லோக்புரோகிராமர். கணினி அதோடு பேசும், அது தண்டவாளத்தோடு பேசும், கட்டுப்பாட்டுப் பெட்டி மேசையில் சும்மா இருக்கும். ஹோர்ன்பியின் எச்எம்7000 டிகோடர்களுக்குக் கணினியும் வேண்டாம், ஃபோனிலிருந்து புளூடூத் வழியாக எழுதலாம்.

தெகிவளைத் தம்பியிடம் பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். கைக்கருவிக்கான துளையில் அவர் வாங்கிய இணைப்பி கொழுவியிருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்ன யூஎஸ்பி துளை ஒன்று, தூசியோடு. சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஓட்டும் மென்பொருளை மூடினோம், எஞ்சின்களைத் தண்டவாளத்திலிருந்து எடுத்தோம், பழைய வேர்ஷன் எண்ணைக் கொப்பியில் எழுதினோம், நான்கு வயர் உள்ள கேபிளைக் கொழுவினோம். எழுதி முடிந்ததும் உடனே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க அவர் துடித்தார். முதலில் சுவிச்சை நிறுத்தி, பத்து வரை எண்ணி, திரும்பப் போடச் சொன்னேன். திரையில் புது எண் வந்தது. பிறகு ஒரே ஒரு எஞ்சினை வைத்து, எண் 3ஐக் கூப்பிட்டு, விளக்கைப் போட்டு, முன்னால் ஒரு சாண், பின்னால் ஒரு சாண். அதுவரை சரி. எஃப்13இல் இருந்த ஹோர்னை அவருடைய மகள் அமுக்கினாள்.